சனிக்கிழமை வாங்கிய வைஸ்

“ஏனுங்க்கா, சனிக்கெழமை அதுவுமா யாராச்சும் இரும்ப மடியில வெச்சுக்கிட்டுப் போவாங்களா?” என்று பின்சீட்டில் ஒரு குரல். இன்னொரு குரல் கடலையை மென்றுகொண்டே, “படிச்ச புள்ளைக்கு எல்லாக் கெழமையும் ஒண்ணுதான் போ” என்கிறது. என்னைப் பற்றித்தான். சாக்கு முழுதாக மூடவில்லை, கைப்பிடியின் உருண்டை முனை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்த்திருப்பார்கள். துப்பட்டாவை இழுத்து அந்த முனையை மூடுகிறேன், மூடிய கையோடு எதற்கு மூடினேன் என்று கோபம் வருகிறது, துப்பட்டாவை எடுத்துவிடுகிறேன். பார்க்கட்டும். பெஞ்ச் வைஸ். மேசை விளிம்பில் போல்ட் போட்டு நிறுத்துகிற இரும்பு. இரண்டு தாடை, நடுவில் ஒரு திருகு, கைப்பிடியைச் சுற்றினால் தாடைகள் நெருங்கி வந்து கொடுத்ததைக் கவ்விக்கொள்ளும், நாமே திருப்பிச் சுற்றும்வரை விடாது. இதை வாங்கத்தான் காலையில் துடியலூரிலிருந்து டவுன் ஹாலுக்குப் போனேன், இப்போது அதே வழியில் வீட்டுக்குத் திரும்புகிறேன். தொடை இரண்டும் மரத்துப்போய்விட்டன. சாக்கு வழியாக கிரீஸ் கசிந்து சுடிதாரில் இறங்குவது வெதுவெதுப்பாகத் தெரிகிறது. கறை போகாது. போக வேண்டாம். நடத்துநர் வந்து நின்று சாக்கைக் குனிந்து பார்க்கிறார். “என்ன கண்ணு உள்ள, அம்மிக்கல்லா?” “இரும்புங்க.” “பொம்பளைங்களுக்குத்தான் ஃப்ரீ. இரும்புக்கு லக்கேஜ் போடோணும்.” நாலு பேர் சிரிக்கிறார்கள். எனக்கு டிக்கெட் கிடையாது, இதற்கு உண்டு. அப்படியென்றால் இந்தப் பஸ்ஸில் முறையான பயணி இதுதான், நான் அது உட்கார்ந்திருக்கும் சீட்டு. “பின்னாடி டயர் மேல எறக்கி வெச்சுரு, உனக்கெதுக்குச் செரமம்” என்கிறார். “பரவால்லைங்க” என்று சொல்லிவிட்டு இரண்டு கையாலும் சாக்கை அணைத்துக்கொள்கிறேன்.

பஸ் கிளம்புவதற்கு முன்பே அம்மா போன் செய்தாள். “வாங்கிட்டியா?” “வாங்கிட்டேன்.” பின்னால் டிவி சத்தம் சட்டென்று நின்றது. அப்பா சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்கிறார் என்று அர்த்தம். “அப்பா ஒண்ணும் சொல்லலை கண்ணு. இன்னிக்கு மட்டும் அதைச் சித்தி வீட்ல எறக்கி வெச்சுட்டு வந்துரு. நாளைக்குக் காலைல போய் எடுத்துக்கலாம். ஒரு நாள்தானே.” நான் இல்லைம்மா என்று ஆரம்பிப்பதற்குள், “சித்திகிட்டப் பேசிட்டேன், கவுண்டம்பாளையம் ஸ்டாப்புல வந்து நிக்கறேன்னுட்டா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். சனிக்கிழமை வாங்கிய இரும்பு சனிக்கிழமை எங்கள் வீட்டு வாசற்படி தாண்டக் கூடாது. சித்தி வீட்டுப் படியைத் தாண்டலாம். சித்தி வீட்டுக்கு மட்டும் சனி கிடையாதா என்று முன்பொருமுறை கேட்டதற்கு அம்மா யோசிக்காமல் பதில் சொன்னாள்: “அவங்க வாங்கலையே. வெச்சிருக்கறாங்க, அவ்வளவுதான்.” எவ்வளவு சுத்தமான பதில். எதிலும் ஒரு சந்து விட்டுத்தான் இவர்கள் கட்டியிருக்கிறார்கள், அந்தச் சந்து வழியாக என்னைத்தான் நடக்க விடுவார்கள். பூ மார்க்கெட்டில் பஸ் நின்று கூடைகள் ஏறுகின்றன. சம்பங்கி வாசமும் கிரீஸ் வாசமும் கலந்து வருகிறது, மோசமாக இல்லை. கவுண்டம்பாளையத்தில் இறங்கினால் இந்த வைஸ் என் கைக்குத் திரும்ப வராது. பயத்தில் சொல்லவில்லை. பார்த்திருக்கிறேன். டிரில் மிஷின் அப்படித்தான் போனது. ஆன்லைனில் வரவழைத்தேன், பார்சல்காரர் சனிக்கிழமை பார்த்துக் கதவைத் தட்டினார், அப்பா திறந்தார். ஒரு நாள்தானே என்று சித்தி வீட்டுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா திரைச்சீலைக் கம்பி மாட்ட எடுத்தார், அடுத்த வாரம் மாடியில் குடியிருப்பவர் ஏதோ அலமாரிக்குக் கேட்டார், அவருடைய மச்சானுக்குக் காரமடையில் வீட்டு வேலை. திரும்பி வந்தபோது மழைக்காலம் போய்விட்டிருந்தது, பிட் மாட்டுகிற சாவியைக் காணவில்லை, சிமெண்ட் தூசி உள்ளே போய் மிஷின் இருமுகிறது. “நல்ல மிஷினும்மா, எங்க வாங்கினே?” என்றார் சித்தப்பா. நான் என்ன சொன்னேன்? பரவால்லைங்க சித்தப்பா என்றேன். அவர் மன்னிப்பே கேட்கவில்லை, நான் பரவாயில்லை என்றேன்.

எனக்கு வாரத்தில் இருப்பது ஒரு கிழமை. திங்கள் முதல் வெள்ளி வரை கடை திறக்கும் முன் கம்பெனி வண்டி ஏறுகிறேன், கடை அடைத்த பின் இறங்குகிறேன், நடுவில் யாரோ எழுதிய மென்பொருளில் எங்கே தப்பு என்று தேடிக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு டவுன் ஹால் பக்கம் இரும்புக் கடை எதுவும் திறக்காது. இதுவரை சாமான் வாங்கியதெல்லாம் லீவு போட்டுத்தான், அந்த லீவும் தீர்ந்துவிட்டது. மிச்சம் சனி. அந்தக் கிழமையை என்னைக் கேட்காமல் யாரோ எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள். எண்ணெய் வாங்காதே, இரும்பு வாங்காதே, செருப்பு வாங்காதே. எங்கள் வீட்டில் சனிக்கிழமை ஒரு சேஃப்டி பின் உள்ளே வராது. அப்பா கெட்டவர் இல்லை. கூட்டுறவு வங்கியில் அவர் வேலை பார்த்த காலத்தில் சனிக்கிழமை அரை நாள், அந்த அரை நாளில் போய் முதல் ஸ்கூட்டரை எடுத்து வந்தார், யார் சொல்லியும் கேட்காமல். அந்த மாதமே நரசிம்மநாயக்கன்பாளையத்துக்கிட்ட மணல் லாரி இடித்தது. வலது காலில் ஒரு தகடு வைத்து ஸ்குரூ முடுக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஜாதகம் பார்ப்பவரிடம் கூட அவர் வாதாடியதில்லை. காலைத் தகடாக்கிய கிழமை அவருக்குத் தெரியும். அந்தத் தகட்டை வைத்த கிழமை எது என்று கேட்கத்தான் எனக்கு வாய் வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் கிழமை பார்த்தா ஸ்குரூ முடுக்குவார்கள்? அது சனியாக இருந்திருந்தால்? அந்த இரும்பு இருப்பதால்தானே அவர் நடக்கிறார், காலையில் பால் வாங்கப் போகிறார், என் மேல் கோபம் வந்தால் பின்கட்டு வரைக்கும் போய்த் திரும்பி வருகிறார். திட்டமாட்டார். சாப்பிடாமல் படுத்துக்கொள்வார், சுவரைப் பார்த்து. அந்த முதுகுக்குப் பயந்துதான் நான் இத்தனை வருஷமும் சரி என்று சொல்லி வந்திருக்கிறேன். கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம் என்று கூட வேலை பார்க்கும் நிரஞ்சனா சொல்வாள், அவளுக்கு அவள் அப்பா கத்துகிற வரம்.

வடகோவை மேம்பாலத்தில் ஏறும்போது ஒரு வேன் குறுக்கே வந்து டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். எல்லோரும் முன்னால் சாய்கிறார்கள், வைஸ் என் வயிற்றில் இடிக்கிறது, அந்த இடியோடு உள்ளே ஏதோ ஒன்று சனிக்கிழமை என்று சொல்கிறது. நான்தான் சொன்னேன். வேறு யாரும் இல்லை. ஆக எனக்குள்ளும் அது இருக்கிறது, வைஸைப் போலவே உட்கார்ந்துகொண்டு. இந்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் வைஸ். அப்பா வழுக்கினால் வைஸ். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் வைஸ்தான். நானே இரவெல்லாம் அப்படிக் கணக்குப் போட்டாலும் போடுவேன். பரவாயில்லை, இல்லை, இந்தச் சொல்லை விட வேண்டும், எனக்குப் பயம் இருக்கிறது, இருக்கட்டும். பயமில்லாதவர்கள் வாங்கினால்தான் வாங்கியதா? பயந்துகொண்டே வாங்கினாலும் அதே எடைதான். பின்சீட்டில் கடலைத்தோல் காலடியில் விழுகிற சத்தம். அந்த அக்கா இப்போது யாருடைய மருமகளைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கிறார், என்னை மறந்துவிட்டார். நான் மட்டும் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடைக்காரருக்குக் கூட இன்று சனிக்கிழமைதான் முதலில் தெரிந்தது. “இன்னிக்கு யாரும் வரமாட்டாங்கன்னு பேப்பர் படிச்சிட்டு இருந்தேன், வாங்க அம்மிணி. அண்ணன் இன்னிக்கும் வரலீங்களா?” என்றார். எனக்கு அண்ணன் கிடையாது. முதல்முறை அந்தக் கடைக்குப் போனபோது கல்லா முன்னால் ஆறேழு ஆண்கள் நின்றார்கள், எல்லாரும் என்னைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள், அந்த வழியில் நடக்க முடியாமல் பாதியில் நின்றேன், “அண்ணன் அரம் வாங்கிட்டு வரச் சொன்னாருங்க” என்று வாயில் வந்துவிட்டது. அதிலிருந்து அண்ணன் வளர ஆரம்பித்தார். ரம்பம், மூலைமட்டம், சி-கிளாம்ப், எமரி ஷீட் எல்லாம் அண்ணன் கேட்டார். அண்ணன் இடது கைக்காரர், ஏனென்றால் நான் இடது கைக்காரி. “உங்கண்ணன் வேலை தெரிஞ்சவருங்க. சும்மா வந்து அரம் குடுன்னுதான் எல்லாரும் கேப்பாங்க, இந்தப் பல்லு, இந்த நீளம்னு யாரு கேக்கறா?” என்று கடைக்காரர் மற்றவர்களிடம் சொல்வார், நான் அண்ணன் மேல் பொறாமையோடு நின்றுகொண்டிருப்பேன். சாமர்த்தியம் அவருக்கு, சாக்கு எனக்கு. இன்று காலை போகும்போது பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். “அண்ணனுக்கு எத்தனை இஞ்ச்சு வைஸ் வேணுமாம்?” என்றார். “அண்ணன் இல்லீங்க” என்றேன். அவர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். “ஐயோ. எப்பங்க?” அவர் கண் நிஜமாகவே கலங்கியது. “அப்படியில்லீங்க. அண்ணனே கெடையாதுங்க. எல்லாம் எனக்குத்தான் வாங்கினேன்.” அவருக்கு ஒரு நல்ல வாடிக்கையாளர் செத்துப்போனார், அதை அவர் தாங்கிக்கொள்ள நேரம் ஆயிற்று. பிறகு ஒரு வைஸைத் தூக்கிக் கல்லா மேல் வைத்து, “சுத்திப் பாருங்க” என்றார், அதே ‘ங்க’தான், ஆனால் குரலில் அந்த மரியாதை அண்ணனோடு கொஞ்சம் போய்விட்டிருந்தது. சுற்றினேன். முன்தாடை லேசாகத் தலையசைத்தது. “இது ஆடுதுங்க. வேற பாக்கலாங்களா?” “எல்லாமே கொஞ்சம் ஆடும் அம்மிணி, உங்க வேலைக்கு இது போதும்.” என் வேலை என்னவென்று அவருக்குத் தெரியாது. அண்ணனிடம் போதும் என்று சொல்லியிருக்க மாட்டார். “வேற பாக்கறேங்க” என்றேன் மறுபடி. உள்ளே போய் இன்னொன்றைத் தூக்கி வந்தார். அது ஆடவில்லை.

கல்லூரியில் முதல் வருஷம் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் பட்டறை வகுப்பு உண்டு. எலக்ட்ரானிக்ஸ் படிக்க வந்த எங்களுக்கும் ஆளுக்கொரு வைஸ், ஒரு அரம், ஒரு இரும்புத் தகடு. தகட்டை வெட்டி, தேய்த்து, ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற மாதிரி ஜோடி சேர்க்க வேண்டும். எங்கள் கல்லூரியில் அதற்கு ஒரு முறை இருந்தது. பெண்களின் தகட்டைப் பையன்கள் தேய்த்துக் கொடுப்பார்கள், பையன்களின் ரெக்கார்டைப் பெண்கள் எழுதிக் கொடுப்பார்கள். எல்லோருக்கும் சௌகரியம், ஆசிரியருக்கும் தெரியும். எனக்கு யாரிடமும் போய்க் கேட்க வாய் வராததால் நானே தேய்த்தேன். அப்படித்தான் இது ஆரம்பித்தது, வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் தூள் பல்லில் அடைக்காது என்று கண்டுபிடித்தேன். தேய்க்கத் தேய்க்க இரும்பு வெள்ளியாகும், நாக்கில் துரு ருசி வரும், மணிக்கட்டு வலிக்கும், தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் பேச்சு மட்டும் எங்கேயோ போய்விடும். அந்த அமைதியை அதற்குமுன் எனக்கு யாரும் கொடுத்ததில்லை. கடைசி வகுப்பில் இரண்டு துண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன், இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம்கூட வரவில்லை. ஆசிரியர் வாங்கிப் பார்த்தார், அவரும் ஜன்னல் பக்கம் பிடித்தார். “யாரு தேச்சுக் குடுத்தது?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வைஸில் நின்ற பையன், “நாந்தான் சார்” என்றான், சும்மா தமாஷுக்கு. வகுப்பு முழுக்கச் சிரித்தது, ஆசிரியர் சிரித்தார், சிரித்துக்கொண்டே மார்க் போட்டார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் முகத்தில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, முகம் கழுவும்போது கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி.

சாயிபாபா காலனி. ஏறுகிறவர்கள் அதிகம், இறங்குகிறவர்கள் குறைவு. எதற்கு இந்த வேலை என்று எல்லோரும் கேட்கிறார்கள். பின்கட்டில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் என் பழைய படிப்பு மேசையைப் போட்டு, சுவரில் ஆணியடித்து, அரத்தையும் சுத்தியலையும் வரிசையாக மாட்டிய நாளிலிருந்து கேட்கிறார்கள். “ஆன்லைன்ல விக்கப்போறியா?” இது பெரியம்மா. “ரீல்ஸ் போடு, நல்லாப் போகும்.” இது நிரஞ்சனா. “மனசுக்கு ரிலாக்ஸா இருக்கும்ல?” இது என் மேலாளர், அனுமதி கொடுப்பவர் மாதிரி. “கல்யாணமாகிப் போனா இதெல்லாம் எங்க வெப்பே?” இது சித்தி. நான் சும்மா என்பேன். சும்மா என்றால் யாருக்கும் ஆறவில்லை. ஒரு பெண் சமைப்பது, தைப்பது, கோலம் போடுவது எல்லாம் யாருக்கோ ஆகும், இது யாருக்கும் ஆகாது, அதுதான் அவர்களுக்கு உறுத்துகிறது. இப்போது ஒரு கீல் செய்துகொண்டிருக்கிறேன். சின்னப் பெட்டி ஒன்றின் மூடிக்கு, பித்தளைத் தகட்டில். “கீலு கடையில கெடைக்காதா?” என்றார் அப்பா. கிடைக்கும், மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். தகட்டை ஓர் ஆணியைச் சுற்றி உருட்டி வளைக்க வேண்டும், அதற்குத் தகடு அசையாமல் நிற்க வேண்டும். காலில் மிதித்துப் பார்த்தேன், முழங்காலுக்கிடையில் இடுக்கிப் பார்த்தேன், துள்ளி வந்து பெருவிரலைக் கிழித்தது. அம்மா கட்டுப்போட்டுக்கொண்டே, “இந்த வேலையெல்லாம் உனக்கு எதுக்கு?” என்றாள். அவள் காலை அப்போது பார்த்தேன். அரிவாள்மணையை மிதித்து மிதித்துப் பாதத்தின் ஓரத்தில் ஒரு பட்டையான காய்ப்பு. எங்கள் வீட்டில் அசையாமல் பிடித்துக்கொள்கிற வேலை எல்லாமே அவள் உடம்புதான். நான் என் உடம்பைத் தரமாட்டேன். அதற்கென்று ஓர் இரும்பு இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்வேன்.

சித்தியிடம் என்ன சொல்வது என்று ஒரு வாக்கியம் தயார் செய்திருக்கிறேன். சித்தி, இதை நான் வீட்டுக்கே கொண்டு போகிறேன். அவ்வளவுதான். கோபம் இல்லை, மரியாதைக் குறைவு இல்லை. வடகோவையிலிருந்து அதையே உள்ளே உருட்டிக்கொண்டு வருகிறேன். உருட்ட உருட்ட அது வழவழப்பாகி வெறும் சத்தமாகிவிட்டது. அப்பா சாப்பிடாமல் படுத்தால்? படுக்கட்டும். தட்டை மூடி வைப்பேன். பசித்தால் எழுந்திருப்பார். இல்லை, எழுந்திருக்க மாட்டார், எனக்குத் தெரியும். நாளைக் காலை எழுந்து பால் வாங்கப் போவார், அப்போது கால் வழக்கத்தைவிட அதிகமாக இழுக்கும், எனக்குத் தெரியட்டும் என்று. தெரிந்துகொள்வேன். தெரிந்துகொண்டே போல்ட் முடுக்குவேன். ஒரு நாள் இறக்கி வைத்தால் என்ன குறைந்துவிடும், நாளைக்கு விடிந்ததும் போய் நின்றால் சித்தப்பா என்ன தரமாட்டேன் என்றா சொல்லப்போகிறார். இதோ, பார், மறுபடி. இந்த நினைப்பு என் குரலிலேயே வருகிறது, அம்மா குரலில் வந்தாலாவது அடையாளம் தெரியும். கவுண்டம்பாளையம், கவுண்டம்பாளையம் என்று நடத்துநர் கத்துகிறார்.

சித்தி நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியோடு நிற்கிறாள். நான் எழுந்திருக்காததைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, ஸ்டாண்ட் போட்டு, முன்வாசல் வழியாக ஏறியே வந்துவிட்டாள். “என்ன கண்ணு, தூங்கிட்டியா? குடு, அந்தக் காதப் புடி, ரெண்டு பேருமாத் தூக்கிரலாம்.” சாக்கின் ஒரு காது அவள் கையில் இருக்கிறது. “எறங்கறதுன்னா எறங்குங்க, இல்லீன்னா ஏறுங்க” என்கிறார் நடத்துநர். “ஒரு நிமிஷமுங்க, சாமான் எறக்கோணும்” என்று அவரிடம் சிரித்துவிட்டு, “உங்கப்பா பாவம் வாணி, காலையிலிருந்து டீ கூடக் குடிக்கலையாம். ஒரு நாள்தானே” என்று குரலைத் தாழ்த்துகிறாள். அவள் நல்லவள். அவள் கையில் மஞ்சள் வாசம். நான் வாயைத் திறக்கிறேன். தயார் செய்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட இல்லை. பஸ் முழுக்க என்னைப் பார்க்கிறது, சித்தி சாக்கை இழுக்கிறாள், சாக்கு என் தொடையில் ஒரு சாண் நகர்கிறது.

நான் சாக்கை வைஸிலிருந்து உருவி அவள் கையிலேயே விட்டேன். கைப்பிடியை இடப்பக்கமாகச் சுற்றினேன், தாடைகள் விலகின. குதிகாலை உயர்த்தி, முழங்காலால் வைஸை மேலே தூக்கி, முன்சீட்டின் பிடிகம்பியைத் தாடைகளுக்கு நடுவில் விட்டேன். பிறகு வலப்பக்கமாக, இனி நகராது என்று கைப்பிடி நிற்கும்வரைக்கும் சுற்றினேன்.